பதினைந்து கடல் மைல் தள்ளி

இலங்கையின் தென்கோடிக்குத் தேவேந்திரமுனை என்று பெயர். சிங்களத்தில் தெவுந்தர. மாத்தறை நகரத்திலிருந்து பஸ்ஸில் சில நிமிடப் பயணம். தென்னைகளுக்கு நடுவே வெள்ளையடித்து நிற்கிற எண்கோணக் கலங்கரை விளக்கம் 1890இல் ஒளிவிடத் தொடங்கியது. நாட்டில் உள்ளவற்றில் இதுதான் உயரமானது. அதன் கீழே பாறையில் நின்று நேர் தெற்கே பார்ப்பவருக்கும் அண்டார்க்டிகாவின் பனிக்கரைக்கும் நடுவில் ஒரு திட்டு நிலம்கூடக் கிடையாது. ஆனால் கடல் காலியாக இருப்பதில்லை. தொடுவானத்தில் ஒரு கப்பல் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெட்டிகளை அடுக்கிய கப்பல், எண்ணெய்க் கப்பல், கார்களை ஏற்றிய கப்பல். சிங்கப்பூரிலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போவதும் சூயஸிலிருந்து சீனத்துக்குத் திரும்புவதும் இந்த முனையை ஒட்டித்தான். உலகத்தின் நெரிசலான கப்பல் பாதைகளில் இது ஒன்று.

நேற்று போட்ட பாதையும் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் பயணி இபின் பதூதா இந்த ஊருக்கு வந்தபோது இங்கே வணிகர்கள் நிறைந்த துறைமுகப் பட்டினமும் ஒரு பெரிய கோயிலும் இருந்தன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல்லின் தமிழ்ப் பகுதி, தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அந்த நாயனார் குடியிருந்த கோயில் இந்த முனையில் இருந்ததுதான். 1588இல் போர்த்துக்கீசியர் அதை இடித்துப் போட்டார்கள். கல் 1911இல் காலி நகரத்தில் கிடைத்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயில் போனது; கப்பல்கள் நிற்கவில்லை. பாய்மரம் போய் நீராவி வந்தது, நீராவி போய் டீசல் வந்தது. செங் ஹவின் கப்பல்கள் காற்றை நம்பி வந்தவை. இன்றைக்கு இதே வழியில் போகிற பெரிய கப்பல்களின் நீளம் 400 மீட்டர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

இந்தப் பாதை நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்துக்கு ஊடாகப் போகிறது. சிக்கல் இதுதான்.

இலங்கையின் தென்கரையில் கண்டத்திட்டு மிகக் குறுகலானது. கரையிலிருந்து சில கடல் மைல் போனதுமே தரை சட்டென்று இறங்கி ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விடும். ஆழத்துக் குளிர்ந்த நீரிலிருக்கும் சத்துகளைப் பருவக்காற்றும் நீரோட்டமும் மேலே கொண்டுவருகின்றன. சத்து வந்த இடத்தில் மிதவை உயிரி பெருகும்; அதைத் தின்ன இறால் கூட்டம் வரும்; இறாலைத் தின்னத் திமிங்கலம் வரும். உலகத்தில் எங்கெங்கோ நடுக்கடலில் தேடவேண்டிய உயிரினத்தை இங்கே காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்குக் கரை திரும்பிவிடலாம்.

நீலத் திமிங்கலம் வெப்பக்கடலில் இரை எடுக்காது என்றுதான் நெடுநாள் நம்பிக்கை இருந்தது. துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் தின்று கொழுத்து, குட்டி போட மட்டும் வெப்பக்கடலுக்கு வரும் என்பது பாடம். 2003இல் ஒடிசி என்ற ஆய்வுக் கப்பலில் இருந்த ஆஷா டி வோஸ் என்ற இளம் இலங்கைப் பெண் இந்தக் கடலில் ஆறு நீலத் திமிங்கலங்களை ஓரிடத்தில் பார்த்தார். பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் திமிங்கலச் சாணம் மிதந்துகொண்டிருந்தது. தின்னாமல் சாணம் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர், பிற்பாடு கடல் பாலூட்டிகள் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் ஆனார். 'ஓஷன்ஸ்வெல்' என்ற ஆய்வு அமைப்பையும் தொடங்கினார். சாணத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் இரை எது என்பதும் 2018இல் தெரிந்தது. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் உண்கிற கிரில் அல்ல. செர்ஜெஸ்டிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு இறால். நம் மீன் சந்தையில் காயப்போட்டுப் படியால் அளந்து விற்கிற சென்னாக்கூனியும் அந்தக் குடும்பம்தான். பூமியில் இதுவரை பிறந்த விலங்குகளிலேயே பெரியது, தேவேந்திரமுனைக்கு எதிரே கூனி இறால் தின்று வயிறு வளர்க்கிறது.

இந்த வட இந்தியப் பெருங்கடல் நீலத் திமிங்கலங்கள் அண்டார்க்டிகாவுக்குப் போவதில்லை. ஆண்டு முழுக்க அரபிக் கடல், மாலத்தீவு, இலங்கை, வங்கக் கடல் என்று இதே வட்டாரத்துக்குள்தான் சுற்றுகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆகவே இங்கே ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வேறொன்று வரப்போவதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் ஊர் மிரிஸ்ஸ. தேவேந்திரமுனைக்கு மேற்கே, வெலிகம குடாவின் ஓரத்தில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். 2004 சுனாமி நொறுக்கிப்போட்ட ஊர். மீன்பிடியை மட்டும் நம்பியிருந்த இளைஞர்கள் சிலர் அதற்குப் பிறகு சுற்றுலாப் பக்கம் திரும்பினார்கள். 2008 வாக்கில் திமிங்கலச் செய்தி வெளியுலகத்துக்குப் பரவியதும் ஊரின் முகமே மாறிவிட்டது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், தென்கடல் அடங்கியிருக்கும். அப்போதுதான் சீசன்.

விடிவதற்குள் துறைமுகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். இரண்டு தட்டுப் படகுகள், ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகள், வாந்திக்கு மாத்திரை. மாத்திரையை மறுத்து வீரம் காட்டுகிறவர்தான் முதல் ஒரு மணி நேரத்திலேயே படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்தப் படகிலும் அப்படி ஒருவர் உண்டு. கரை தேய்ந்து மறையும்போது தண்ணீரின் பச்சை மாறிக் கருநீலமாகும். தரை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மேல் தட்டில் நிற்கும் பையன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடுவான். அவன் தேடுவது திமிங்கலத்தை அல்ல, அதன் மூச்சை.

அந்த மூச்சு முப்பதடி உயரத்துக்கு நேராக எழும்பும். பிறகு சாம்பல் கலந்த நீல முதுகு ஒன்று வெளியே வரும். வந்துகொண்டே இருக்கும். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் வரும். முதுகுத் துடுப்பு அவ்வளவு பின்னால், அவ்வளவு சிறியதாக, ஒட்டவைத்ததுபோல் இருக்கும். சில முறை மூச்சு வாங்கியதும் வாலைத் தூக்கிச் செங்குத்தாக முங்கும். அது போன இடத்தில் அலை அடங்கி, எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வழவழப்பான வட்டம் சற்று நேரம் மிதக்கும். மறுபடி மேலே வரப் பத்து நிமிஷம்போல ஆகும். அதுவரை படகிலுள்ளவர்களுக்கு வேறு வேலையில்லை, சுற்றிலும் பார்ப்பார்கள். அப்போதுதான் கப்பல் கண்ணில் படும். தொடுவானத்தில் பொம்மைபோல் இருந்தது சிறிது நேரத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடமாக வளர்ந்து, திமிங்கலம் முங்கிய இடத்துக்குப் பக்கத்தில் தன்பாட்டுக்குக் கடந்துபோகும்.

இவ்வளவு பெரிய விலங்கு, இவ்வளவு இரைச்சலோடு வரும் கப்பலைக் கண்டு விலகாதா என்று படகில் யாராவது ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். விலகுவதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா கடலில் நீலத் திமிங்கலங்களின் முதுகில் கருவி ஒட்டி, பக்கத்தில் கப்பல் வரும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். இடமோ வலமோ அவை ஒதுங்கவில்லை. சில மட்டும் மெதுவாகக் கீழே இறங்க முயன்றன. அந்த வேகம் நொடிக்கு அரை மீட்டர். கப்பல் என்ற ஒன்றை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கண்டிராத உடம்புக்கு அதனிடமிருந்து தப்பி ஓடும் பழக்கம் ஏது?

சத்தத்திலும் ஒரு சூது இருக்கிறது. கப்பலின் எஞ்சினும் சுழலியும் இருப்பது பின்பக்கம். நீண்ட உடற்பகுதி அந்தச் சத்தத்தை மறைத்துவிடுவதால் முகப்புக்கு நேர் எதிரே மற்றப் பக்கங்களைவிடச் சத்தம் குறைவு. ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைதான் அமைதியாக இருக்கிறது. கப்பல்காரர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மாலுமி நிற்கும் தளத்திலிருந்து பார்த்தால், முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடற்பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. அந்தப் பருமனுக்குப் பிரேக் பிடித்து நிற்க ஒரு மைலுக்கு மேல் வேண்டும். மோதினாலும் மேலே இருப்பவர்களுக்கு ஓர் அதிர்வுகூடத் தெரியாமல் போகலாம்.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில் ஒரு நீலத் திமிங்கலத்தின் உடல் குறுக்கே மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. துறைமுகம் வரை ஒட்டிக்கொண்டு வந்ததால் இது வெளியே தெரிந்தது. மோதிச் சாகும் பெரும்பாலானவை அங்கேயே அமிழ்ந்துபோகும். சாவுக் கணக்கு கையில் இல்லாததுதான் இந்தப் பிரச்சினையை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ளாததற்குப் பெரிய காரணம்.

வேண்டுமென்றே கொன்ற காலத்துக்குக் கணக்கு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்க வேட்டையாடப்பட்ட திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். இந்தக் கடலும் தப்பவில்லை. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலுக்குள் புகுந்து 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. சர்வதேச ஆணையத்திடம் அதை மறைத்தும்விட்டன. சோவியத் ஒன்றியம் உடைந்து, அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த அறிவியலாளர்களே உண்மைக் கணக்கை வெளியிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1979இல் சீஷெல்ஸ் நாடு முன்மொழிந்து, இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1986இல் வணிக வேட்டைக்கான உலகத் தடை நடைமுறைக்கு வந்தது. ஈட்டிக்குத் தடை போட்டாயிற்று. ஆனால் சரக்கு ஏற்றிக்கொண்டு தன் வழியே போகும் கப்பலை எந்தச் சரணாலயச் சட்டமும் நிறுத்தவில்லை.

நிறுத்தவும் வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போனால் போதும் என்பதுதான் மாத்தறையிலுள்ள ருகுணு பல்கலைக்கழகத்தின் திலக் பிரியதர்ஷனவும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு. படகில் போய்ப் போய்த் திமிங்கலங்கள் எங்கே கூடுகின்றன என்று எண்ணினார்கள். கப்பல் பாதையின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் அப்படியே பொருந்தின. பாதையை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர், தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என்பது அவர்களுடைய கணக்கு. சிங்கப்பூரிலிருந்து சூயஸுக்கு ஏறத்தாழ 5,000 கடல் மைல். அவ்வளவு தொலைவு வருகிற கப்பல், திசையைச் சற்று முன்கூட்டியே திருப்பிக்கொண்டால் கூடுதலாகும் தூரம் சில மைல்களைத் தாண்டாது. வனவிலங்குப் பாதுகாப்பில் இவ்வளவு மலிவான தீர்வு வேறெங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

ஆனால் பாதையை மாற்றும் முறை ஒன்று இருக்கிறது. தேவேந்திரமுனைக்கு எதிரே போக வர இரண்டு தடங்களாகப் பிரித்திருப்பது லண்டனில் தலைமையகம் கொண்ட சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏற்பாடு. அதை மாற்றக் கரையோர நாடுதான் விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை அரசு ஆண்டுக்கணக்கில் தயங்கியது. கப்பல்கள் தள்ளிப் போனால் துறைமுகத் தொழிலும் தள்ளிப்போய்விடுமோ என்ற கவலை ஒரு காரணம். 2010இல் திறந்து, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சொல்லப்பட்ட பெருமையே, பெரிய கப்பல் பாதைக்குப் பத்துக் கடல் மைல் தூரத்தில் இருக்கிறது என்பதுதான். துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பல் 28 கிலோமீட்டருக்காக வராமல் போகுமா என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் இந்தக் கவலை தீர்ந்திருக்கும்.

மற்ற நாடுகள் செய்து காட்டாத காரியமும் அல்ல. கனடாவில் ஃபண்டி வளைகுடா என்றொரு இடம். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் கோடையில் கூடும் கடல் அது. மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், எண்ணெய் நிறைய இருக்கும் என்பதால் நூற்றாண்டுக்கணக்கில் வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். இன்றைக்கும் 400ஐ எட்டவில்லை. அந்த வளைகுடாவின் கப்பல் தடம் நேரே அவற்றின் கூட்டத்துக்கு நடுவில் போனது. மொய்ரா பிரவுன் என்ற ஆய்வாளர் பல ஆண்டு எடுத்த ஆதாரங்களோடு அரசையும் கப்பல் நிறுவனங்களையும் நாடினார். அந்த வழியில் அதிகமாக எண்ணெய் கொண்டுவந்த இர்விங் ஆயில் நிறுவனமே அவருக்குத் துணை நின்றது. 2003இல் தடம் நகர்ந்தது. திமிங்கலத்துக்காகச் சர்வதேசக் கப்பல் தடத்தை மாற்றியது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. 2007இல் பாஸ்டன் துறைமுகத் தடம் மாறியது. 2014இல் பனாமா வளைகுடாவிலும் தடங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன.

தடத்தை நகர்த்த வழியில்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்துக்குப் போக ஹவுராக்கி வளைகுடாவை விட்டால் வேறு வழியில்லை. பிரைட்ஸ் திமிங்கலங்கள் வாழும் இடமும் அதுதான். 2013இல் கப்பல்கள் தாமாகவே 10 நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்துக்கு ஒப்புக்கொண்டன. அதன் பிறகு அங்கே மோதிச் செத்ததாகச் செய்தி வருவது அரிதாகிவிட்டது. வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவு ஆய்வில் நிரூபிக்கப்பட்ட ஒன்று. 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் மோதினால் திமிங்கலம் சாகும் வாய்ப்பு 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஒன்பது நாட் வேகத்துக்கும் கீழே இறங்கினால் அது சுமார் 20 சதவீதமாகிவிடுகிறது.

கனடாவின் கதையில் கசப்பான பின்பகுதியும் உண்டு. கடல் சூடேறி இரை இடம் மாற, ரைட் திமிங்கலங்கள் ஃபண்டியை விட்டு வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்கென்று எந்தப் பாதுகாப்பும் அப்போது இல்லை. 2017இல் மட்டும் கனடாக் கடலில் 12 செத்தன; கப்பல் மோதியும் நண்டுக் கூண்டின் கயிறு சுற்றியும். தடத்தை ஒரு முறை நகர்த்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியாது, ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இலங்கைக்கும் பொருந்தும்.

இலங்கையில் அரசு அசையாதபோது ஒரு கப்பல் நிறுவனம் அசைந்தது. உலகத்தின் மிகப் பெரிய பெட்டிக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., 2022இல் தன் கப்பல்களைத் தேவேந்திரமுனைத் தடத்துக்கு 15 கடல் மைல் தெற்கே போகச் சொன்னது. வங்காள விரிகுடாப் பக்கம் திரும்ப வேண்டிய சிறிய கப்பல்கள் கரையை ஒட்டி வந்தாலும் 10 நாட் வேகத்துக்குக் கீழே மெதுவாகப் போகவேண்டும் என்றும் விதித்துக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல காரியம். கைதட்டும்போதே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே 600க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' இதே நிறுவனத்தின் கப்பல்தான். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' வேறு நிறுவனத்துக் கப்பல். அதில் இருந்த குருணை மட்டும் 1,680 டன். ஒரு நிறுவனத்தின் நல்ல மனத்தை நம்பிக் கடலை விட்டுவிட முடியாது. விதி வேண்டும், அது எல்லாக் கப்பலுக்கும் பொருந்த வேண்டும்.

கப்பலைக் குற்றம் சொல்லிக்கொண்டே பார்க்கப் போகிறவர்கள் செய்வதும் சாதுவான காரியமல்ல. மிரிஸ்ஸவில் ஒரு படகு திமிங்கலத்தைக் கண்டுவிட்டால் தகவல் உடனே மற்றப் படகுகளுக்குப் போய்விடும். எல்லாம் ஒரே இடத்துக்குப் பாயும். மூச்சு வாங்க வந்த விலங்கைச் சுற்றி வளைத்து, அது போகும் திசைக்கு முன்னால் போய் நின்று, காசு கொடுத்தவர்கள் படம் எடுக்க வழி செய்வார்கள். திமிங்கலம் மூச்சைக் குறைத்துக்கொண்டு முங்கிவிடும். இந்த விரட்டல் அவற்றைக் கரையோரத்திலிருந்து வெளியே, அதாவது கப்பல் தடத்தின் பக்கமாகவே, தள்ளுகிறதோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று 2012இல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதி வந்தது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நடுக்கடலில் அளந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இதையெல்லாம் விடச் சத்தமில்லாமல் கொல்வது வலை. சூரை பிடிக்க இந்தியப் பெருங்கடலில் விரிக்கப்படும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சிக்கிய ஓங்கில்களும் சிறு திமிங்கலங்களும் ஏறத்தாழ 41 லட்சம் என்று 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஈரானும் பாகிஸ்தானும் இதில் பங்குதாரர்கள். மீனவருக்கு அதனால் பெரும்பாலும் லாபம் இல்லை, வலைதான் கிழியும். பெரிய திமிங்கலங்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மிரிஸ்ஸவோடு திரும்பிவிடுகிறவர்கள் திருகோணமலையைத் தவறவிடுகிறார்கள். தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திமிங்கலங்கள் அங்கே தெரியும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மேயும் மான்களைத் தாண்டி மேலே நடந்தால் சுவாமி மலை. உச்சியில் சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம். ஒரு பக்கம் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்று காட்டுகிறார்கள். கடலுக்கு அடியிலும் அதே சரிவுதான். கொட்டியாரக் குடாவின் வாய்க்கே வந்துவிடும் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால் திமிங்கலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்டே வருகின்றன. அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர்கள் மலையிலிருந்தே அவற்றின் மூச்சைப் பார்ப்பது உண்டு. டிக்கெட் இல்லை, வாந்தி மாத்திரை இல்லை, திமிங்கலத்துக்குத் தொந்தரவும் இல்லை.

உலக அறிவியலாளர்கள் இலங்கையின் நீலத் திமிங்கலங்களை முதலில் கவனித்ததும் இங்கேதான். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வுக் குழு இந்தக் கடலில் அவற்றைக் கண்டு படமெடுத்தது. பிறகு போர் வந்தது. கிழக்குக் கடல் கடற்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவே போர்க்களமானது. 2009 வரை அங்கே திமிங்கலத்தை எண்ணப் போவது எளிதாக இல்லை.

இப்போது நிலாவெளிக் கரையிலிருந்து சின்னப் படகுகள் போகின்றன. பெரும்பாலும் மீன்பிடித் தொழிலில் இருந்தவர்கள் ஓட்டுகிற படகுகள். "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்களேன்" என்று தமிழகத்திலிருந்து வந்தவர் செல்போனை நீட்டிக்கொண்டு கேட்டால், அனுபவப்பட்ட ஓட்டி சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்திவிடுவார். "துரத்தினா கீழ போயிடும் தம்பி. பேசாம இருங்கோ, அதுவா வரும்." பல நேரம் வரவும் செய்யும். எல்லா ஓட்டியும் அப்படியில்லை. ஆனால் அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கலாம்.

தென்கரையில் செய்யவேண்டியது தெளிவாக இருக்கிறது. கணக்கு இருக்கிறது, மாற்றுத் தடம் வரைந்து வைத்தாயிற்று, பெரிய நிறுவனம் ஒன்று ஓட்டியும் காட்டிவிட்டது. இலங்கை அரசு விண்ணப்பித்து, அதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்கவேண்டும். திமிங்கலச் சுற்றுலாவைக் காட்டி வெளிநாட்டுப் பணம் ஈட்டுகிற ஒரு நாடு, அந்தத் திமிங்கலத்துக்காக ஒரு விண்ணப்பம் அனுப்பத் தயங்குவதற்குத் துறைமுக வருமானத்தைக் காரணம் காட்டுவது எடுபடாது. கடலில் மீன்பிடிக்கும் சின்னப் படகுகளும் இதே தடத்தில்தான் பெரிய கப்பல்களோடு உரசிக்கொள்கின்றன. தடம் தள்ளிப் போனால் அந்த மீனவர்களுக்கும் நல்லது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே போவதானால் டிசம்பர் முதல் மார்ச் வரை. கிழக்கே போவதானால் மே, ஜூன். பணம் கட்டுமுன் படகுக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 100 மீட்டருக்கு அப்பால் நிற்பீர்களா, எத்தனை படகு கூடினால் விலகி வருவீர்கள் என்றும் கேளுங்கள். திமிங்கலத்தோடு நீந்த விடுகிறோம் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். மழுப்பலாகப் பதில் சொன்னால் வேறு படகு பாருங்கள். மிரிஸ்ஸவில் படகுக்குப் பஞ்சமில்லை.